கணக்கு டீச்சர் பதில்கள்: ஐம்பத்திரண்டு சீட்டும் பதினேழு புளியங்கொட்டையும்

போன இதழில் ஒரு மாணவருக்குப் பதில் எழுதும்போது, "சீட்டுக்கட்டை எடுத்துப் பரப்பிப் பாருங்கள், நிகழ்தகவு தானாகப் புரியும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், நம் வாசகர்களில் பாதிப் பேர் தலையணைக்கு அடியில் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார்கள் போலிருக்கிறது. திட்டியும் இரண்டு கடிதம் வந்தது. சரி, இந்த முறை முழுக்கச் சீட்டு. சைக்கிள் சக்கரத்தைப் பற்றிக் கேட்ட அன்பர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

டீச்சர், என் மகள் பத்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் யாரும் சீட்டைத் தொட்டது கிடையாது. மாமனாரின் அப்பா காலத்தில் அதனால் நிலம் போனது. இப்போது கணக்கில், "ஒரு சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்கப்படுகிறது. அது ராஜாவாகவோ ஹார்ட்டாகவோ இருக்க நிகழ்தகவு என்ன?" என்று கேட்கிறார்கள். கட்டுக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாத பிள்ளை என்ன செய்யும்?
– ஓர் அம்மா, சின்னமனூர்

உங்கள் கோபம் நியாயம்தான். முப்பத்தொரு வருஷம் இதை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்குத் தாத்தாவோடு உட்கார்ந்து ரம்மி ஆடிய பிள்ளை இந்தக் கணக்கை ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்க்கும். ஆடாத வீட்டுப் பிள்ளை, அதைவிடக் கெட்டிக்காரியாக இருந்தாலும், பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும். அதற்குத் தெரியாதது கணக்கு இல்லை, சீட்டு.

ஒரு கட்டு வாங்கிவிடுங்கள். பணம் வைத்தால்தான் சூது. பாயில் பரப்பி எண்ணுவதை மாமனார் ஒன்றும் சொல்ல மாட்டார். முதலில் ஜோக்கர்களை எடுத்து ஓரமாக வையுங்கள், பள்ளிக் கணக்கில் அவர்களுக்கு வேலை இல்லை. மீதி 52. நான்கு வரிசையாக அடுக்கினால் வரிசைக்கு 13: ஆஸ், இரண்டு முதல் பத்து வரை, ஜாக்கி, ராணி, ராஜா. ஸ்பேடு, கிளாவர் வரிசைகள் கறுப்பு. ஹார்ட், டைமண்ட் சிவப்பு. எங்கள் அப்பா ஹார்ட்டை ஆர்ட்டின் என்றுதான் சொல்வார். அதுவும் கிளாவரும் டச்சுக்காரர்களின் சொற்கள். அவர்கள் கப்பலேறிப் போய் எத்தனையோ காலமாகியும் நம் திண்ணைகளில் இன்னும் புழங்குகின்றன. முகம் வரைந்த சீட்டு, வரிசைக்கு மூன்றாக 12. ஆஸ் அதில் சேராது. எவ்வளவு பெரிய சீட்டாக இருந்தாலும் அதற்கு முகம் கிடையாதே! பதினாறு என்று எழுதி மதிப்பெண்ணை விட்ட பிள்ளைகள் என் வகுப்பில் வருஷத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

இப்போது ஒரு கை புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ராஜா ஒவ்வொருவர் மேலும் ஒரு கொட்டை. நாலு ஆயிற்றா? அப்புறம் ஹார்ட் வரிசை முழுக்க, சீட்டுக்கு ஒரு கொட்டை. பதின்மூன்று. மொத்தம் 17 கொட்டை வைத்தாயிற்று. ஆனால் கொட்டை இருக்கிற சீட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். 16தான் வரும். ஹார்ட் ராஜா தலையில் மட்டும் இரண்டு கொட்டை உட்கார்ந்திருக்கும். நாம் எண்ண வேண்டியது சீட்டை, கொட்டையை இல்லை. 16/52, சுருக்கினால் 4/13. புத்தகத்தில் இதைத்தான் "இரண்டையும் கூட்டி, பொதுவானதைக் கழி" என்று சூத்திரமாகப் போட்டிருக்கும். கொட்டையை வைத்துப் பார்த்த பிள்ளைக்குச் சூத்திரம் மறந்தாலும் பாதகம் இல்லை.

இன்னும் ஒரே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கிளாவரில் ராஜா, ராணி, ஜாக்கி மூன்றையும் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கலைத்து ஒரு சீட்டு உருவினால் அது ஹார்ட்டாக இருக்க வாய்ப்பு என்ன? 13/49. கிளாவராக இருக்க? 10/49. மேலே இருக்கிற தொகுதியைப் பிள்ளைகள் சரியாக எழுதிவிடுவார்கள். கீழே பகுதியில், பழக்கதோஷம், 52 என்று கை எழுதிவிடும். "கீழே பார், கீழே பார்" என்று நான் கத்திக் கத்தி எனக்குக் 'கீழே பார் டீச்சர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். பொங்கலுக்கு ஊரில் கூடும்போது, மாடு குளிப்பாட்டுகிற வேலை யாருக்கு என்று பார்க்க ஆளுக்கு ஒரு சீட்டு உருவி, மூவரும் ஒன்றாகத் திருப்புவோம். ஆஸ் வந்தவருக்கு வேலை இல்லை. கடைக்குட்டி எப்போதும் "நான்தான் முதலில் உருவுவேன், நாலு ஆஸும் உள்ளே இருக்கும்போது எடுத்தால்தான் லாபம்" என்கிறான். உண்மையா?
– நடு அண்ணன், மேலூர்

இல்லை. ஆனால் உங்கள் தம்பி தப்பு செய்கிற இடம் அழகான இடம், அதனால் நின்று பார்ப்போம்.

முதலில் உருவுபவருக்கு 4/52, அதாவது 1/13. நீங்கள் இரண்டாவது. தம்பி ஆஸை உருவியிருந்தால் உங்களுக்கு மிஞ்சுவது 51-ல் 3. உருவாவிட்டால் 51-ல் 4. இரண்டையும் சேர்க்க வேண்டும். முதல் வழி: 4/52 × 3/51 = 12/2652. இரண்டாம் வழி: 48/52 × 4/51 = 192/2652. கூட்டினால் 204/2652. இதைச் சுருக்கிப் பாருங்கள், மறுபடி அதே 1/13. மூன்றாவதாக உருவுகிற பெரியவருக்கும் அதேதான். கடைசிச் சீட்டுக்கும் அதேதான்.

தம்பி சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டால் மட்டும் கதை மாறும். அவர் கையில் ஆஸைப் பார்த்துவிட்டால் உங்கள் வாய்ப்பு 3/51. வேறு சீட்டைப் பார்த்தால் 4/51. மாற்றியது அவர் உருவினது இல்லை, நீங்கள் பார்த்தது. (ஒருவருக்கு ஆஸ் வந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிடுவது உங்கள் வழக்கமாக இருந்தால், முதல் ஆளுக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. நீங்கள் ஒன்றாகத் திருப்புகிறீர்கள், அதனால் இல்லை.)

எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு குலுக்குச் சீட்டு நடந்தது. இருபது பேர், இருபது மாதம். பெயர் வந்தவர் பணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மாதக் குலுக்கலிலிருந்து விலகிவிடுவார். வரலாறு எடுத்த டீச்சர் ஒருவருக்கு ஐந்தாம் மாதம் மகள் கல்யாணம். "ஐந்தாம் மாதம் எனக்கு வருமா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். முதல் நாலு மாதம் வராமல் இருந்து ஐந்தாவதில் வர வேண்டும்: 19/20 × 18/19 × 17/18 × 16/17 × 1/16. மேலும் கீழும் வரிசையாக அடிபட்டு 1/20 மிஞ்சும். எந்த மாதத்தைக் கேட்டாலும் அதே 1/20. நாலு மாதம் வராமல் கழிந்த பிறகு அவர் கேட்டபோது நான் 1/16 என்றேன். "அப்போ இருபதுன்னு சொன்னியே" என்று சண்டைக்கு வந்துவிட்டார். இரண்டுமே சரி. கீழே இருந்த இருபது, பதினாறாகிவிட்டது, அவ்வளவுதான். பணம் அந்த மாதமும் அவருக்கு வரவில்லை.

ஐந்து முறை தொடர்ந்து கறுப்பு வந்தால் அடுத்தது சிவப்பு வர வாய்ப்பு அதிகம் என்கிறார் என் நண்பர். "அதெல்லாம் மூடநம்பிக்கை, பாதிக்குப் பாதிதான்" என்கிறேன் நான். யார் சரி?
– ஒரு கல்லூரி மாணவர், நாகர்கோவில்

எடுத்த சீட்டை உள்ளே போட்டுக் கலைத்தீர்களா, வெளியே வைத்தீர்களா? அதைச் சொல்லாமல் இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள். உள்ளே போட்டால் நீங்கள் சரி, 26/52. வெளியே வைத்தால் நண்பர் சரி: சிவப்பு 26 அப்படியே இருக்கிறது, மொத்தம் 47, ஆக நூற்றுக்கு 55 சொச்சம். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது, குறைந்துகொண்டே வருகிற கட்டுக்கு உண்டு.

பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஓர் ஆசிரியை பத்திரிகையில் சீட்டு விளையாடச் சொல்லித் தரலாமா? இணையத்தில் ரம்மி ஆடிக் குடும்பங்கள் அழிவது தங்களுக்குத் தெரியாதா?
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், விருத்தாசலம்

ஐயா, வணக்கம். எனக்குச் சீட்டு சொல்லித் தந்தது என் அப்பா. நெல் அரவை மில்லில் கணக்குப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்ணையில் நாலு பேர் கூடுவார்கள். தோற்றவர் செலவில் எல்லோருக்கும் டீ, அதற்கு மேல் பந்தயம் கிடையாது. ஒரு ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். அம்மா உள்ளே பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று திண்ணையில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா அடிக்கடி சொல்வது, "கையில இருக்கிறத அப்புறம் பாரு, கீழ என்ன விழுதுன்னு பாரு." ரம்மிக்கு இரண்டு கட்டு. ஜோக்கரை விட்டுவிடுவோம். என் கையில் ஆர்ட்டின் ஐந்தும் ஆறும் இருந்தால், நாலு வந்தாலும் சேரும், ஏழு வந்தாலும் சேரும். கட்டுக்கு ஒன்றாக நாலு இரண்டு, ஏழு இரண்டு, ஆக எனக்கு உதவுகிற சீட்டு நான்கு. கையில் ஐந்தும் ஏழும் இருந்தால்? நடு ஆறு மட்டும்தான் வேண்டும், அது இரண்டே இரண்டு. அந்த இரண்டும் கீழே விழுந்து போயிருந்தால், ஆயுசு முழுக்கக் காத்திருந்தாலும் வராது. பத்து வயதில் எனக்கு நிகழ்தகவு என்ற சொல் தெரியாது. ஆனால் நடுச்சீட்டுக்குக் காத்திருக்கக் கூடாது என்று தெரியும்.

நீங்கள் சொல்கிற இணைய ஆட்டம் வேறு. ரம்மியில் திறமைக்கே பெரும்பங்கு என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் ஓர் ஆந்திர வழக்கில் சொன்னது உண்மை. ஆனால் திறமை இருக்கிறது என்பதற்கும் லாபம் இருக்கிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை. ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்தால் மேஜையில் 600. நடத்துகிறவர் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் ஜெயித்தவரிடம் தருகிறார். ஆறு பேரும் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும், ஆறு பேரின் பையையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்துகொண்டே போகும். திண்ணையில் அப்படி யாரும் பங்கு எடுக்கவில்லை, டீக்கடைக்காரரைத் தவிர. இந்தக் கழித்தல் கணக்கைப் பத்தாம் வகுப்பிலேயே போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

இந்தப் பாடமே சூதாடிகள் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ஐயா. 1654-ல் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித மேதைகள் கடிதம் எழுதிக்கொண்டது, பாதியில் நின்றுபோன ஆட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது பற்றித்தான்.

திருவிழாவில் ஒருவர் மூன்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, "ராணி எது?" என்கிறார். 100 வைத்தால், சரியாகச் சொன்னால் மேலும் 100 தருகிறார். மூன்றில் ஒன்று வாய்ப்பு, பணமோ இரட்டிப்பு. ஆடலாமா?
– ஒரு வாசகர், அவிநாசி

முதலில் அவரை யோக்கியர் என்றே வைத்துக்கொள்வோம். முப்பது தடவை ஆடினால் சராசரியாகப் பத்துத் தடவை ஜெயிப்பீர்கள், 1000 வரும். இருபது தடவை தோற்பீர்கள், 2000 போகும். மூன்றில் ஒன்றுதான் வாய்ப்பு என்றால், உங்கள் 100-ஐத் திருப்பித் தந்து மேலே 200 தந்தால்தான் சமம்.

இனி அவர் யோக்கியர் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஏழாவது படித்தபோது ஒரு தேர்த் திருவிழாவில் என் சித்தப்பா இதில் உட்கார்ந்தார். கூட்டத்தில் ஒரு ஆள், சீட்டுக்காரர் துப்புவதற்காகத் திரும்பிய நேரத்தில், ராணியை எடுத்து ஒரு மூலையை லேசாக மடித்து வைத்தான். எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான். சித்தப்பாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். சீட்டுக்காரர் ஒன்றும் தெரியாதவர் போலக் கலைத்துப் போட்டார். மடிந்த மூலை பளிச்சென்று தெரிந்தது. சித்தப்பா சட்டைப் பையில் இருந்ததை எல்லாம் அதன் மேல் வைத்தார். திருப்பினால் கிளாவர் எட்டு. கலைக்கிற வேகத்திலேயே ராணியின் மூலையை நிமிர்த்திவிட்டு இன்னொரு சீட்டின் மூலையை மடித்திருக்கிறார். கண்ணடித்தவன் அவருடைய ஆள் என்பது பேருந்தில் நின்றுகொண்டு வந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. மூன்றில் ஒன்று என்பது சீட்டுக்குத்தான் பொருந்தும், விரலுக்குப் பொருந்தாது.

பட்டாளத்தில் இருபது வருஷம் ஃபிளாஷ் ஆடியவன் நான் (காசுக்கு இல்லை). அதில் ஆளுக்கு மூன்று சீட்டு. ரன் (அடுத்தடுத்த சீட்டுகள்) விழுந்தால் கலரை (எல்லாம் ஒரே இனம், ஹார்ட் என்றால் எல்லாமே ஹார்ட்) அடிக்கும். இப்போது பேரன் ஐந்து சீட்டுப் போக்கர் கற்றுக்கொண்டு, "கலர்தான் ரன்னை அடிக்கும் தாத்தா" என்கிறான். எவன் மாற்றினான் சட்டத்தை?
– முன்னாள் ஹவில்தார், குடியாத்தம்

யாரும் மாற்றவில்லை. நீங்களும் சரி, பேரனும் சரி. இந்த வாரக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது.

எது அரிதோ அது பெரிது, இதுதான் இரண்டு ஆட்டத்துக்கும் விதி. 52-ல் மூன்று சீட்டைத் தேர்ந்தெடுக்க 22,100 வழி. ரன் எத்தனை? ஆஸ்-இரண்டு-மூன்றில் தொடங்கி ராணி-ராஜா-ஆஸ் வரை 12 விதம். ஒவ்வொரு சீட்டும் நாலு இனத்தில் எதுவாகவும் இருக்கலாம், ஆக 12 × 4 × 4 × 4 = 768. அதில் மூன்றும் ஒரே இனமாக அமைவது 48. அது தனி ரகம், தள்ளிவிட்டால் 720. கலர்: ஓர் இனத்தின் 13 சீட்டில் மூன்றை எடுக்க 286 வழி, நாலு இனத்துக்கு 1,144, அதே 48-ஐத் தள்ளினால் 1,096. ஆக மூன்று சீட்டில் ரன்தான் அரிது.

ஐந்து சீட்டுக்குப் போனால் தலைகீழ். மொத்தம் 25,98,960 வழி. ரன் 10,200, கலர் 5,108. காரணம் லேசாகப் புரியும்: மூன்று சீட்டில் முதல் சீட்டின் இனத்தோடு இன்னும் இரண்டுதான் ஒத்துப்போக வேண்டும். ஐந்தில் நான்கு ஒத்துப்போக வேண்டும், நாலு பேரில் ஒருத்தன் காலை வாரிவிடுவான். ரன்னுக்கும் கஷ்டம் கூடுகிறதுதான், ஆனால் அங்கே எந்த இனமானாலும் சரி என்ற சலுகை ஒவ்வொரு சீட்டுக்கும் உண்டு.

பேரனிடம் சொல்ல உங்களுக்கு ஒரு கொசுறு. ஃபிளாஷில் மூன்றும் ஒரே எண்ணாக விழுவதுதான் எல்லாவற்றுக்கும் மேல், இல்லையா? அதற்கு 52 வழி உண்டு: 13 எண், எண்ணுக்கு நாலு விதம். ஒரே இனத்து ரன்னுக்கு 48 வழிதான். கணக்குப்படி பார்த்தால் ரன்தான் உச்சியில் இருக்க வேண்டும். இருபது வருஷம் தப்பான ஆளுக்கு சல்யூட் அடித்திருக்கிறீர்கள்.

டீச்சர், நீங்கள் எப்போதாவது கணக்கைத் தப்பாகச் சொல்லி மாட்டியிருக்கிறீர்களா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, அரியலூர்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே. மூன்று அட்டை செய்து கொண்டுபோனேன். ஒன்று இரண்டு பக்கமும் சிவப்பு, ஒன்று இரண்டு பக்கமும் கறுப்பு, ஒன்று ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. மஞ்சள் பைக்குள் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தேன். மேலே சிவப்பு. "பின்பக்கமும் சிவப்பாக இருக்க வாய்ப்பு என்ன?" என்று கேட்டு, நானே பதிலும் சொன்னேன்: "கறுப்பு-கறுப்பு அட்டை இல்லை என்று ஆகிவிட்டது. மீதி இரண்டு அட்டை. அதனால் பாதி."

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், போட்டுப் பார்க்கலாமே" என்றாள். எதிர்த்துப் பேசுகிறாளோ என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. போட்டுப் பார்த்தோம். சிவப்பு மேலே வந்தால் மட்டும் கணக்கு. கரும்பலகையில் இரண்டு பத்தி, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. மணி அடிக்கும்போது சிவப்புக்குப் பின் சிவப்பு வந்த பத்தி, மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீண்டிருந்தது. நான் எண்ண வேண்டியது அட்டையை இல்லை, பக்கத்தை. சிவப்புப் பக்கம் மொத்தம் மூன்று. அதில் இரண்டுக்குப் பின்னால் சிவப்பு. ஆக 2/3. வகுப்பெல்லாம் "கீழே பார்" என்று சொல்கிற நான், கீழே மூன்று இருக்க இரண்டு போட்டிருக்கிறேன்! பெர்ட்ரான் என்ற பிரெஞ்சுக்காரர் பெட்டியும் நாணயமும் வைத்து இதே புதிரை 1889-லேயே போட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் பெண் இப்போது வங்கியில் இருக்கிறாள். தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்து, "பின்பக்கம் என்ன கலர் டீச்சர்?" என்பாள்.

304 ஆடும்போது துரும்பு நான் சொன்னது, ஆனால் துரும்பு ஜாக்கி என் கையில் இல்லை. எதிரே இருக்கும் என் சோடியிடம் இருக்கும் என்று நம்பி இறங்கலாமா?
– ஒரு வாசகர், சாவகச்சேரி

ஆடாதவர்களுக்காக: ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டு, நாலு பேருக்கு ஆளுக்கு எட்டு. ஜாக்கிதான் அங்கே பெரியவர், 30 புள்ளி. அடுத்தது ஒன்பது, 20. ஓர் இனத்துக்கு 76 புள்ளி, நாலுக்கும் சேர்த்து 304. துரும்பு என்பது அந்த ஆட்டத்தில் மற்ற இனங்களை வெட்டுகிற இனம்.

உங்கள் எட்டைப் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதது 24, அதில் எட்டு உங்கள் சோடியிடம். ஆக மூன்றில் ஒன்று. எதிராளிகள் இருவரில் ஒருவரிடம் இருக்க மூன்றில் இரண்டு. ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்தே சோடியிடம் இருக்க 8/24 × 7/23, பத்துக்கு ஒன்றை ஒட்டி வரும். இது யாரும் வாயைத் திறக்காத வரைக்கும். உங்கள் சோடி கூட்டிக் கேட்டிருந்தாலோ, எதிராளி முகம் தொங்கியிருந்தாலோ, 24 என்ற எண்ணை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

ஒரு கட்டை எத்தனை முறை கலைத்தால் நன்றாகக் கலைந்தது என்று அர்த்தம்?
– ஒரு வாசகி, புதுச்சேரி

கட்டை இரண்டாகப் பிரித்து, விளிம்பை விரலால் சரசரவென்று விட்டு ஒன்றுக்குள் ஒன்று கோப்பீர்களே, அப்படியானால் ஏழு முறை. பேயர், டயக்கோனிஸ் என்ற இரண்டு பேர் 1992-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கையில் வைத்துக் கொத்துக் கொத்தாக மேலே தள்ளுகிற நம் வீட்டுக் கலைப்புக்கு ஏழு எந்த மூலைக்கும் காணாது.

எங்கள் கட்டில் ஒரு சீட்டைக் காணோம். எது என்று தெரியவில்லை. 51-ஐயும் கலைத்து ஒன்று உருவினால் ஆஸ் வர வாய்ப்பு என்ன? காணாமல் போனதே ஆஸாக இருந்தால் குறையும் அல்லவா?
– நான்கு பேரன் பேத்திகளின் பாட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர்

அம்மா, அதே 1/13தான். 52-ஐயும் கலைத்து, பார்க்காமல் ஒன்றை அடியில் ஒதுக்கி வைத்துவிட்டு மேலே இருந்து ஒன்றை உருவுகிறீர்கள், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. மேலூர் அண்ணன் தம்பிகளுக்குச் சொன்னதைப் பாருங்கள். உங்கள் காணாமல் போன சீட்டுதான் அங்கே கடைக்குட்டி உருவி, இன்னும் திருப்பாத சீட்டு.

51-ஐயும் பரப்பி எது இல்லை என்று எண்ணிப் பார்த்துவிட்டால், அப்புறம் 3/51 அல்லது 4/51 என்று மாறிவிடும். ஆனாலும் எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் காணாமல் போனது டைமண்ட் ஏழு. ஃபிரிட்ஜுக்கு அடியில், ஒரு மூலையைக் கரப்பான் தின்ற நிலையில் கிடைத்தது. இப்போது அதை முதுகைப் பார்த்தே எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். புதுக் கட்டு வாங்க வேண்டும்.